காலே அரைக்கால்

பொள்ளாச்சிக்குக் கேட்டால் 'தெளிந்த வானம்' என்கிறது,
பாலக்காட்டுக்குக் கேட்டால் 'மேகமூட்டம்'.
முதலமடையில் என் மொட்டைமாடி
இரண்டுக்கும் நடுவில்,
எந்த மாநிலம் என்று கைபேசிக்கே நிச்சயமில்லாத இடத்தில்.
ஆகவே நானே அண்ணாந்து பார்க்கிறேன்.

வானத்தை எட்டாக வகுப்பது வானிலைக்காரர்கள் வழக்கம்.
ஒரு பங்கு மூடினால் அரைக்கால்.
மூன்று பங்கு, காலே அரைக்கால்.
ஏழரைப் பங்கு என்றால் முக்காலே மூணு வீசம்,
அன்றைக்கு டெலஸ்கோப்பின் தார்ப்பாயைத் தொடுவதுகூட இல்லை.
நோட்டில் இப்படித்தான் எழுதுகிறேன்,
கணக்கு வாத்தியார் யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

மார்ச் பதினொன்று. இரவு 10.10. அரைக்கால்.
தென்மலை விளிம்பில் ஒட்டடை மாதிரி கொஞ்சம்.
10.40. பூஜ்யம்.
ஆனால் சிரியஸ் துடிக்கிறது.
மின்னுகிற நட்சத்திரம் காதலிக்கிறவர்களுக்கு.
என் படத்தில் அது பஞ்சுப்பொதி.
மேலே காற்று காற்றோடு மல்லுக்கட்டுகிறது,
அடி விழுவது வெளிச்சத்துக்கு.

நான் காத்திருக்கும் கரீனா நெபுலா
மலைப்பக்கம் இருபது டிகிரிதான் ஏறும்.
பதினொன்றே முக்காலுக்கு உச்சி,
பிறகு இறக்கம்.
இன்னும் கொஞ்சம் ஏறு என்று கெஞ்ச முடியாது.
கிழக்கே மாங்காய் ஷெட்டில் டெல்லி லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறார்கள்,
ஃபோகஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு.
அணைக்கச் சொல்ல எனக்கென்ன உரிமை?
கைப்பிடிச் சுவரோரம் இரண்டு போர்வை கட்டியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் படம் அரைமணிக்கு ஒன்று,
வந்து சேரும்போதே பழசு.
அதில் ஆலத்தூரில் நிற்கும் மேகம்
இந்நேரம் எந்த ஊரில் என்று அதற்குத் தெரியாது.
அதனால் நான் நம்புவது ஜெஸ்மியை.
புதுநகரத்தில் அவளுக்கும் ஒரு மாடி,
கணவாய்க் காற்று அவளைத் தொட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும்.
சாயந்திரம் பிறை தெரிந்துவிட்டது,
முதல் சஹருக்கு எப்படியும் முழித்திருப்பாள்.

11.05. ஜெஸ்மி:
"இங்கே பாதி மூடிருச்சு. உனக்கு நாப்பது நிமிஷம்."

நாற்பதில் இரண்டு நிமிஷப் படம் இருபது.
லாரி ஹெட்லைட்டுக்கு இரண்டைக் கழி,
லென்ஸில் பனி பூத்ததைக் கவனிக்காமல் போனதற்கு ஒன்று.
(அதற்குச் சுற்றும் சூட்டுப்பட்டை என்னிடம் இல்லை,
பழைய காலுறைக்குள் சுடுமணல்.)
பதினேழு.
பதினெட்டாவது ஓடும்போதே
மேற்கிலிருந்து ஒரு முனை வந்து நட்சத்திரங்களை
நாலு நாலாகத் தின்றது.
11.48. அரை. 12.05. முக்கால்.
நெபுலா உச்சியில்தான் இருந்திருக்கும்,
நான் போய்ப் படுத்தேன்.

4.20. முக்காலே மூணு வீசம்.
கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள்
மேகம் காவல் காக்கும் என் பழைய சிசிடிவி
ஒரு நட்சத்திரத்தைக் காட்டியது.
மேற்கில் உதித்து மெல்ல ஏறி நின்றது.
பிறகு இறங்கி,
பத்தடி தள்ளி மறுபடி உதித்தது.

செந்தாமராட்சனின் நெற்றி விளக்கு.
கள்ளிறக்க அடுத்த தென்னைக்குப் போகிறவர்
கீழிருந்து கத்தினார்:
"மேல எப்படி? மழை வருமோ?"
நான் படத்தைப் பார்த்தேன், அரைமணி பழைய படத்தை.
"ஒரு மணி நேரத்துக்கு இல்லை."

இருபது நிமிஷத்தில் தூறல்.
வழுக்கும் மரத்தைக் கட்டிக்கொண்டு
அந்த ஒற்றை விளக்கு
இறங்கி முடிக்கும்வரை
நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

வேலியோரம் வந்து நின்றார். முழங்கையில் சிராய்ப்பு.
கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார்:
"நீ பார்த்தது ஆரோட ஆகாசம்?"

நோட்டில் எழுதினேன்: 4.40. எட்டும்.
அரைமணிப் படம், நம்பிச் சொன்னது தவறு.
அவர் நம்பரை வாங்கி ஜெஸ்மிக்கு அனுப்பினேன்.